கோணேசர் கோயிலின் எல்லை எது?

திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையில் கடைகள், கோயிலுக்குப் பக்கத்தில் கட்டடம், தொல்பொருள் திணைக்களத்தின் அறிவிப்புப் பலகை என்று ஏதோ ஒன்று அடிக்கடி செய்தியாகிறது. செய்தி இரண்டு பந்தியில் முடிந்துவிடும். வாசிப்பவருக்குக் கேள்விகள் மிஞ்சும். கோயில் காணியில் ஒரு வேலை செய்யக் கோயில்காரர் ஏன் இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டும்? 1963இல் கும்பாபிஷேகம் நடந்த கோயிலுக்கும் தொல்பொருள் சட்டத்துக்கும் என்ன தொடர்பு? இந்த இடத்துக்குச் சொல்லப்படும் "கோகர்ண" என்ற பெயர் எங்கிருந்து வருகிறது?

மூன்று கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான். கோணேசர் கோயில் என்று நாம் சொல்வது ஒரு கட்டடத்தை அல்ல, வயலும் குளமும் ஊர்களும் ஊழியமும் சேர்ந்த ஒரு வட்டாரத்தை. சட்டமோ கட்டடத்தையும் கல்லையும் மட்டுமே பார்க்கிறது. இந்த இடைவெளி எப்படி உண்டானது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் இடம்

திருகோணமலை நகரம் கடலுக்குள் நீளும் ஒரு நிலக்கழுத்தின் மேல் இருக்கிறது. ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் வங்கக் கடல். அந்தக் கழுத்திலிருந்து கடலை நோக்கித் துருத்தும் பாறைதான் சுவாமி மலை. அதன் முனையில் கோயில் நிற்கிறது. கீழே ஏறக்குறைய 100 மீற்றர் செங்குத்தாகக் கடல். பாறை பிளந்த இடத்தை இராவணன் வெட்டு என்கிறோம்.

கோயிலுக்குப் போகத் தரைவழி ஒன்றுதான்: பிரட்றிக் கோட்டையின் வாசல். அந்த வாசலைத் தாண்டினால் படைமுகாம், பழைய வெள்ளைக்காரர் காலக் கட்டடங்கள், புள்ளிமான்கள், கோகண்ண விகாரை, அப்புறம் ஏற்றம், அப்புறம்தான் கோயில். ஒரு கோயிலின் வாசலே இன்னொருவர் கோட்டைக்குள் இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாக விளங்கும்.

கோயிலூர் என்றால் என்ன?

மதுரையையோ சிதம்பரத்தையோ பார்த்தவர்களுக்குக் கோயிலூர் என்றதும் நடுவில் கோபுரமும் சுற்றி நான்கு வீதிகளும் நினைவுக்கு வரும். வீதியில் தேர் ஓடும்; வீதியில் குடியிருப்பவர் கோயிலுக்கு ஏதோ ஒரு வேலை செய்பவராக இருப்பார். இந்த அமைப்பைத் தாங்கி நின்றவை மூன்று:

1. தேவதானம். கோயிலுக்கென்று விடப்பட்ட நிலம். இதன் விளைச்சலில்தான் விளக்கும் அமுதும் நடந்தன.
2. பிரமதேயம் அல்லது சதுர்வேதிமங்கலம். அந்தணர் குடியிருப்பாக அளிக்கப்பட்ட ஊர்.
3. தொழும்பு. கோயில் வேலைகளைத் தலைமுறை தலைமுறையாகச் செய்யும் குடிகளின் கடமையும் உரிமையும்.

கோணமலையில் இந்த மூன்றும் இருந்தன. ஆனால் சதுரமாக இல்லை. கடல் நடுவே துருத்தும் பாறை முனையில் கோயிலைச் சுற்றி ஊர் அமைய இடமே கிடையாது. அதனால் தென்னகத்தில் ஊர் கோயிலைச் சுற்றி வளர்ந்தது போல இங்கே வளரவில்லை. கோயிலின் ஊர் மலைக்கு வெளியே, நிலாவெளி வரைக்கும் தம்பலகாமம் வரைக்கும் கந்தளாய் வரைக்கும் பரந்து கிடந்தது. மலையை மட்டும் படம் எடுத்துவிட்டு "கோயில் இவ்வளவுதான்" என்று சொல்பவர்கள் தவறுவது இங்கேதான்.

சான்றுகள் என்ன சொல்கின்றன?

காலவரிசையில் பார்ப்போம்.

1. சம்பந்தர் பதிகம், 7ஆம் நூற்றாண்டு. மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. இராமேஸ்வரத்தில் நின்று பாடினார் என்பது மரபு. "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை" என்ற அடியை ஊரில் பலரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த பாட்டில் வரும் "குடிதனை நெருங்கிப் பெருக்கமாய்த் தோன்றும்" என்ற அடி. கோயிலை மட்டும் அல்ல, நெருக்கமாகக் குடியிருந்த ஊரையும் சேர்த்தே பாடுகிறார்.

2. நிலாவெளிச் சாசனம், சோழர் காலம். நிலாவெளிப் பிள்ளையார் கோயிலில் கண்டெடுக்கப்பட்டது. கோணமலையில் இருந்த மத்ஸ்யகேஸ்வரமுடைய மகாதேவருக்கு 250 வேலி நிலம் விடப்பட்டதைச் சொல்கிறது. ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்று மேலே. ஆகவே மொத்தம் 1,600 ஏக்கரைத் தாண்டுகிறது. சுவாமி மலையிலிருந்து நிலாவெளி 15 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. இன்று விடுதிகளும் கடற்கரையுமாக நாம் அறிந்த அந்தப் பக்கம் ஒரு காலத்தில் சுவாமிக்கு அமுதுபடி தந்த நிலம்.

3. பாலமோட்டைச் சாசனம், கந்தளாய்ப் பக்கம். இது சிங்கள அரசன் முதலாம் விஜயபாகுவின் பெயரோடு தொடர்புடையது. கந்தளாய்க்கு அப்போது விஜயராஜச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர்; அங்கிருந்த சிவன்கோயிலுக்கு விஜயராஜ ஈஸ்வரம் என்று பெயர். அந்தணப் பெண் ஒருத்தி இறந்த தன் கணவனின் நன்மைக்காகக் கொடுத்த கொடையை அது பதிந்து வைத்திருக்கிறது. சோழரை விரட்டிய அரசனின் பெயரில் ஒரு சிவன்கோயில். அதைப் பாதுகாத்தவர்கள் தமிழ் பேசிய வேளைக்காரப் படையினர். இன்றைய கோடுகளைப் பழங்காலத்தின் மேல் இழுக்க நினைப்பவர்கள் ஒருமுறை இந்தச் சாசனத்தைப் படிக்க வேண்டும்.

4. பெரியகுளம் வெல்கம் விகாரை. ஊரில் நாதனார் கோயில் என்பார்கள். இது பௌத்தப் பள்ளி. சோழர் அதை இடிக்கவில்லை. இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயரிட்டுப் போற்றினார்கள். அங்கே விளக்கும் பசுக்களும் கொடையாகக் கொடுத்தவர்கள் தமிழிலேயே சாசனம் வெட்டியிருக்கிறார்கள். தமிழ்ப் பௌத்தம் இந்த மண்ணில் இருந்தது. அதை மறைப்பதால் சைவத்துக்கு ஒரு பெருமையும் கூடாது.

5. சோடகங்கன் சாசனம், சக ஆண்டு 1145, அதாவது 1223. வடமொழியில் அமைந்தது, பிரட்றிக் கோட்டையில் கிடைத்தது. திருப்பணி செய்த குளக்கோட்டன் என்று ஊர் மரபு கொண்டாடுபவன் இந்தச் சோடகங்கனே என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

6. பாண்டியர் இரட்டைக் கயல். 13ஆம் நூற்றாண்டில் சடாவர்மன் வீரபாண்டியன் கோணமலையில் தன் கயற்சின்னத்தைப் பொறித்ததைத் தமிழ்நாட்டுக் குடுமியான்மலைச் சாசனம் சொல்கிறது.

இவற்றோடு கோணேசர் கல்வெட்டு என்ற நூலையும் சேர்க்க வேண்டும். பெயரில் கல்வெட்டு இருந்தாலும் அது கல்லில் வெட்டியது அல்ல, கவிராசவரோதயர் பெயரில் வழங்கும் நூல். தானத்தார், வரிப்பத்தார் என்ற குடிகள் யார், அவர்களுக்குக் கோயிலில் என்ன வேலை, எந்த வேலைக்கு எந்த உரிமை என்று விவரிக்கிறது. அரசர்களின் காலத்தை அறிய இந்த நூலை நம்பிப் போக முடியாது. ஆனால் ஒரு கோயில் தன்னைச் சுற்றியிருந்த குடிகளை எப்படி ஒழுங்கு செய்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம்மிடம் இல்லை. திருகோணமலைப் பற்று, கட்டுக்குளப் பற்று, தம்பலகாமப் பற்று, கொட்டியாரப் பற்று என்ற நான்கு பற்றுகளும் (பழைய நிர்வாகப் பிரிவுகள்) இந்தக் கோயிலோடு பிணைந்தவை. கந்தளாய்க் குளத்தையும் குளக்கோட்டன் கோயில் வயலுக்காகக் கட்டியதாக மரபு சொல்கிறது. பாளி வரலாற்று நூல் அதை இரண்டாம் அக்கபோதி அரசனின் வேலை என்கிறது. யார் கட்டியிருந்தாலும், அந்தக் குளத்துத் தண்ணீரில் தம்பலகாமத்து வயல் விளைந்தது, அந்த வயலைக் கோயிலின் வயலாக மக்கள் நினைத்தார்கள் என்பதே நமக்கு வேண்டியது.

கல் போன வழி

ஊர் மரபில் 1622 சித்திரைப் புத்தாண்டு மறக்க முடியாத நாள். சுவாமி நகர்வலம் போயிருந்த நேரத்தில் போர்த்துக்கேயர் அந்தணர் வேடத்தில் மலைக்குள் நுழைந்து கோயிலைப் பிடித்தார்கள் என்று சொல்வார்கள். போர்த்துக்கேயக் கோட்டை எழுந்தது 1624இல், தளபதி கொன்ஸ்தந்தீனு த சா காலத்தில். மலை உச்சியிலும் இடையிலும் அடிவாரத்திலுமாக மூன்று கோயில்கள் இருந்ததாகப் போர்த்துக்கேயர் பக்கத்துக் குறிப்பே சொல்கிறது. மூன்றும் இடிக்கப்பட்டன. கோட்டைச் சுவருக்குக் கோயில் கல்லே போனது. மீதி கடலுக்குள் விழுந்தது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். கோட்டை வாசலில் உள்ளே நுழையும்போது நின்று வாசற்கல்லைக் கவனியுங்கள். இரண்டு கயல்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் தமிழ் எழுத்துகள், ஒவ்வொரு வரியும் பாதியில் அறுந்து நிற்கிறது. "முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று ஊரார் வாய்ப்பாடமாகச் சொல்லும் பாட்டின் உடைந்த பகுதி அது என்பார்கள். வாகனங்கள் அதை உரசாத குறையாகப் போகின்றன. நிறுத்தி இறங்கிப் பார்ப்பவர்கள் குறைவு.

அதன் பிறகு கோட்டை 1639இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது, 1795இல் ஆங்கிலேயரிடம் வந்தது, 1803இல் பிரட்றிக் என்ற பெயர் பெற்றது. இந்தக் காலத்தில் மலையில் கட்டடம் இல்லை. வழிபாடு இருந்தது. பாறை விளிம்பில் பூசகர் நின்று பூவும் பழமும் கடலுக்குள் எறிந்து, கர்ப்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்ததைப் 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். வெறும் பாறையையும் கடலையும் கும்பிட்டுக்கொண்டு ஒரு ஊர் முந்நூறு வருஷத்துக்கு மேல் காத்திருந்தது. காப்பாற்றிய திருவுருவங்கள் தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் கோயிலில் குடிகொண்டன என்பது அந்த ஊரின் மரபு. மலைக் கோயிலின் ஊழியமும் முறையும் அங்கே தொடர்ந்தன.

1950இல் நகரசபை கிணறு வெட்டியபோது, மலைக்கு அரைக் கிலோமீற்றருக்குள், சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலுக்குள் மூழ்கிச் செதுக்கிய தூண்களைக் கண்டார்கள். 1963 மார்ச் 3ஆம் தேதி புதிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது.

நிலம் போன வழி

கல் போனதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நிலம் போனதைப் பற்றிப் பேசுவது குறைவு. இன்றைய சச்சரவுகளுக்கு நிலம் போன விதமே நேரான காரணம் என்பது என் கருத்து. வரிசையாகப் பாருங்கள்.

1. கோயில் இடிந்ததும் தேவதான நிலத்தின் விளைச்சல் போய்ச் சேர இடம் இல்லாமல் போனது. நிலாவெளிச் சாசனம் போன்ற ஆவணங்கள் கல்லாகக் கிடந்தன, காணி உறுதியாக, அதாவது நில உரிமைப் பத்திரமாக, யாரும் கொண்டுபோய்க் காட்டும் நிலை இல்லை.

2. கண்டி இராச்சியம் 1815 வரைக்கும் நின்றது. அதனால் அங்குள்ள விகாரைகளும் தேவாலயங்களும் நிலத்தோடும் ஊழியக் குடிகளோடும் ஆங்கிலேயர் காலத்துக்குள் நுழைந்தன. அவற்றின் நிலங்கள் 19ஆம் நூற்றாண்டில் பதிவாயின. கரையோரக் கோயில்களுக்கு அந்த வாய்ப்பு வருவதற்கு இருநூறு வருஷத்துக்கு முன்னரே அடி விழுந்துவிட்டது.

3. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நிலச் சட்டம் வந்தது. காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், வேறொருவருடையது என்று நிரூபிக்கப்படும் வரை முடியின் நிலம் என்பது அதன் விதி. நிரூபிக்கும் பொறுப்பு உரிமை கோருபவர் தலையில். உறுதியே கோட்டைச் சுவருக்குள் கல்லாகப் போய்விட்ட கோயில் எதை வைத்து நிரூபிக்கும்?

4. நிர்வாகச் சட்டமும் சமமாக இல்லை. பௌத்த விகாரைகளின் சொத்துக்கு 1931ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தனிச் சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் அறநிலையத் துறையும் 1959ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. இலங்கையில் சைவக் கோயில் அப்படி எதற்குள்ளும் வராது; 1917ஆம் ஆண்டின் பொதுவான நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின் கீழ் ஒரு தருமச் சொத்தாகவே பார்க்கப்படுகிறது.

ஆக, 250 வேலிக்குச் சாசனம் பெற்ற கோயில் இன்று நிற்பது மலை முனையில் சிறு துண்டில். சுற்றியிருப்பது கோட்டை, அரச காணி, படைமுகாம்.

"கோகர்ண" என்ற பெயர்

பசுவின் காது என்பது கோகர்ணம் என்ற சொல்லின் பொருள். கர்நாடகக் கடற்கரையிலும் இதே பெயரில் புகழ்பெற்ற சிவத்தலம் இருக்கிறது. சோடகங்கன் சாசனத்திலும் இந்தப் பெயர் வருகிறது. ஆகவே பெயரை மட்டும் வைத்து ஒரு மதத்துக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

மகாவம்சம் வேறொன்றையும் சொல்கிறது: மகாசேனன் என்ற அரசன் தேவர் கோயில்களை அழித்து விகாரைகள் கட்டினான், அவற்றில் ஒன்று கோகண்ணத்தில் (கோகர்ணம் என்பதன் பாளி வடிவம்). அந்த நூலுக்கு எழுந்த பழைய உரை அந்த இடம் கிழக்குக் கடற்கரையில் இருப்பதாகவும், அழிக்கப்பட்டது சிவலிங்கக் கோயில் என்றும் விளக்குகிறது. இங்கே பழைய விகாரை இருந்தது என்று வாதிடுபவர்கள் காட்டுவது இந்த வரியைத்தான். அதே வரி, விகாரைக்கு முன்னரே அங்கே கோயில் இருந்தது என்பதையும் சொல்கிறது. ஒரு பாதியை மட்டும் படிப்பது நியாயம் அல்ல.

தொல்பொருள் சட்டம் எதைப் பார்க்கிறது?

அடிப்படைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். அது சொல்பவற்றில் இங்கே வேண்டியவை இவை:

1. 1815 மார்ச் 2ஆம் தேதிக்கு முற்பட்டது தொல்பொருள். கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அது.
2. இன்னும் கண்டுபிடிக்கப்படாமல் மண்ணுக்குள் இருக்கும் தொல்பொருள் அரசின் சொத்து. மேலே உள்ள காணி யாருடையது என்பது பொருட்டல்ல.
3. அகழ்வதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குக் குறித்த எல்லைக்குள் கட்டுவதற்கும் கட்டுப்பாடு உண்டு.

இப்போது சுவாமி மலைக்கு வருவோம். 1963இன் கோபுரம் வயதுப்படி தொல்பொருள் அல்ல. ஆனால் அது நிற்கும் மண்ணும், சுற்றிச் சிதறிய தூண்களும், அது இருக்கும் கோட்டையும் 1815க்கு முற்பட்டவை. எனவே ஒரு மடம் கட்டவோ குழி வெட்டவோ வேண்டுமென்றால் சட்டம் குறுக்கே வரும். கோயிலை இடித்துக் கட்டிய கோட்டை தன் வயதால் பாதுகாப்புப் பெறுகிறது. இடிக்கப்பட்ட கோயில் மீண்டும் எழுந்தது அண்மையில் என்பதால் அனுமதி கேட்டு நிற்கிறது.

பழைய எச்சங்களைக் காப்பது தவறு என்று சொல்லவில்லை. கண்டபடி சீமெந்து பூசிப் பழைய கல்லை மறைப்பதை நம் கோயில்களே செய்திருக்கின்றன. சட்டம் அங்கே தேவைதான். குறை இருப்பது வேறு இடத்தில். அந்தச் சட்டத்துக்குக் கல்லின் வயது தெரியும், அந்தக் கல்லுக்கு முன்னால் இன்றைக்கும் நடக்கிற சடங்கு தெரியாது. கன்னியா வெந்நீரூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு கிணறுகள். இராவணன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்று நம்பி, அந்தியேட்டிக்கும் ஆடி அமாவாசைக்கும் மக்கள் அங்கே போகிறார்கள். 2019இல் பிள்ளையார் கோயில் இருந்த இடத்தைப் பற்றி அங்கே பெரிய போராட்டம் எழுந்து நீதிமன்றம் வரை போனது. சின்னமாகப் பார்ப்பவருக்கு அது சில கற்கள். போன மாதம் அப்பாவை இழந்தவருக்கு அது காரியம் முடிக்கும் துறை.

தீர்மானிக்கும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று ஜனாதிபதி செயலணி ஒன்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. தலைவர் பாதுகாப்புச் செயலாளர். மாகாணத்தில் பெரும்பான்மையாகத் தமிழரும் முஸ்லிம்களும் வாழ்கிறார்கள். முதலில் நியமிக்கப்பட்டவர்களில் தமிழரும் இல்லை, முஸ்லிமும் இல்லை. அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. அதே உறுப்புரை மற்ற மதத்தவரின் உரிமையையும் உறுதி செய்கிறது. நடைமுறையில் எந்தப் பாதி வேலை செய்கிறது என்று மக்கள் அஞ்சுவதற்கு இப்படியான நியமனங்கள்தான் காரணம்.

அடுத்த செய்தி வரும்போது

வாசிக்கும்போது நான்கு விஷயங்களைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பாதியாகும்.

1. அந்தக் காணி யார் பெயரில் இருக்கிறது: கோயில், அரசு, படை, நகரசபை?
2. தலையிடுவது எந்தத் திணைக்களம், எந்தச் சட்டத்தின் கீழ்?
3. பிரச்சினைக்குரியது பழைய எச்சமா, புதுக் கட்டடமா, பிழைப்புக்கு வைத்த கடையா? மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது.
4. அந்த இடத்தில் இன்றும் நடக்கும் வழிபாடு என்ன, அதற்கு யார் உரித்துடையவர்? பெரும்பாலான செய்திகளில் இந்தத் தகவல்தான் இருக்காது.

நான்காவதற்கு ஒரு எடுத்துக்காட்டு. சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வருவார். வீட்டு வாசல்களில் கோலமும் நிறைகுடமும் வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, வாழை கட்டிச் சனங்கள் காத்திருப்பார்கள். மலையிலிருந்து ஊருக்கு இறங்க வேறு வழி இல்லை என்பதால் சுவாமி கோட்டை வாசலால்தான் வர வேண்டும். மேளமும் தீவட்டியும் முன்னே போக, அந்த இரட்டைக் கயல் கல்லையும் பாதியில் அறுந்த தமிழ் வரிகளையும் தாண்டித்தான் அவர் தன் ஊருக்குள் வருகிறார்.